நிலத்தடி நீர்க் கணக்கு ஊருக்குத் தெரிய வேண்டும்

ஒரு குடும்பத்தின் வரவு செலவு எப்படி இருக்கிறது என்பதைக் கணக்கு நோட்டு சொல்லிவிடும். அதுபோல் ஒரு வட்டாரத்தின் நிலத்தடி நீர் சேர்ந்துவருகிறதா, கரைந்துவருகிறதா என்பதைச் சொல்ல அரசிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் எழுதப்படுவது உழவரின் கிணறு. ஆனால் அதைப் படிப்பவர்களில் உழவர் அநேகமாக இல்லை. மேல்மலையனூர் போன்ற கிணற்றுப் பாசன வட்டாரங்களில் இந்த நிலை மாறியாக வேண்டும்.

நிலத்தடி நீரைக் காப்பது நாட்டின் சுற்றுச்சூழல் இலக்குகளுள் முதன்மையான ஒன்று. 2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த 17 இலக்குகளில் ஆறாவது தண்ணீரைப் பற்றியது. அந்த இலக்குகளை நோக்கி எந்த மாநிலம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நிதி ஆயோக் 2018 முதல் மதிப்பெண் போட்டு வெளியிடத் தொடங்கியது. கிடைக்கும் நிலத்தடி நீரில் எத்தனை சதம் இறைக்கப்படுகிறது என்பது அந்த மதிப்பெண்ணுக்கான அளவுகோல்களில் ஒன்று.

கணக்கிடும் முறை

மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில அரசின் நிலத்தடி நீர்த் துறையும் சேர்ந்து இந்தக் கணக்கை எடுக்கின்றன. ஓர் ஆண்டில் மழையாலும் ஏரி, வாய்க்கால்களாலும் பூமிக்குள் இறங்கி, எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாக இருக்கும் நீரை 100 பங்கு என்று கொள்ள வேண்டும். அதில் 70 பங்கு வரை இறைத்தால் அந்தப் பகுதி 'பாதுகாப்பானது'. 70க்கு மேல் 90 வரை போனால் மிதமான அபாயம். 90க்கு மேல் 100 வரை அபாயம். 100ஐத் தாண்டினால் 'அதிநுகர்வு'. அதாவது வட்டியை மட்டுமல்லாமல் முதலையும் எடுத்துச் சாப்பிடும் நிலை. நீர் உவராகிவிட்ட பகுதிகள் தனியாகக் காட்டப்படுகின்றன.

இந்த வகைப்பாடு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. புதிய கிணறு வெட்டவோ துளைக்கிணறு போடவோ வங்கிக் கடனும் மானியமும் கிடைக்குமா என்பது, நிலம் எந்த வகைப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எனவே இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று அறிந்துகொள்ள உழவருக்கு முழு உரிமை உண்டு.

குறைந்தது உண்மைதான், காரணம் எது?

2017ஆம் ஆண்டுக் கணிப்பில் தமிழகத்தின் 1,166 பிர்காக்களில் 462 அதிநுகர்வு என்று குறிக்கப்பட்டன. 2022ஆம் ஆண்டுக் கணிப்பில் அது 360 ஆகக் குறைந்தது. ஐந்தே ஆண்டுகளில் நூறு பிர்காக்கள் மீண்டுவிட்டன என்று மகிழத் தோன்றும். மகிழ்வதற்கு முன் மழைக் கணக்கையும் பார்ப்பது நல்லது.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதம் குறைந்து போயிற்று. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. மாறாக, 2021ஆம் ஆண்டில் அதே பருவமழை வழக்கத்தைவிட 59 சதம் கூடுதலாகக் கொட்டியது. முதல் கணிப்பு வறட்சியை ஒட்டியது. அடுத்தது வெள்ளத்தை ஒட்டியது. கணக்கெடுப்போர் மழையைச் சராசரிக்குச் சரிசெய்துதான் கணக்கிடுகிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் ஏரியில் எத்தனை மாதம் தண்ணீர் நின்றது, உழவர் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்ட நேர்ந்தது என்பவையெல்லாம் அந்தந்த ஆண்டின் மழையைப் பொறுத்தவை. நல்ல மழை ஆண்டில் வந்த நல்ல எண்ணை, முயற்சியின் பலன் என்று உடனே வரவு வைத்துவிடக் கூடாது.

செய்த வேலையை எண்ணுவதும் கிடைத்த பலனை அளப்பதும் வேறு வேறு. இத்தனை தடுப்பணை கட்டினோம், இத்தனை பண்ணைக் குட்டை வெட்டினோம், இத்தனை ஏரிகளைக் குடிமராமத்தில் தூர் வாரினோம் என்பது செலவுக் கணக்கு. பக்கத்துக் கிணற்றில் கோடையில் எத்தனை அடி தண்ணீர் கூடியது என்பதே வரவுக் கணக்கு. நட்ட கன்றுகளை எண்ணிவிட்டுப் பிழைத்த மரங்களை எண்ணாமல் விடுவது எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

சராசரிக்குள் மறையும் ஊர்

அளக்கும் அலகைப் பொறுத்தும் விடை மாறும். 2004ஆம் ஆண்டுக் கணிப்பு 385 ஒன்றியங்களை அலகாகக் கொண்டது. ஒன்றியம் பெரிது, அதற்குள் நல்ல நிலையும் கெட்ட நிலையும் கலந்துவிடுகின்றன என்பதால் 2011ஆம் ஆண்டில் பிர்கா வாரியாகப் பிரித்து 1,129 அலகுகளில் கணக்கிட்டார்கள். அது சரியான திசையில் வைத்த அடி. 2023ஆம் ஆண்டுக் கணிப்பில் அலகு தாலுகாவாகி, மறுபடியும் பெரிதாயிற்று. அலகு மாறிய பிறகு பழைய எண்ணிக்கையையும் புதிய எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. பானையின் அளவு மாறினால் எத்தனை பானை என்பதும் மாறத்தானே செய்யும்!

மேல்மலையனூர் வட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வீடூர் அணைக்கு நீர் தரும் சங்கராபரணியும் மழைக்காலத்தில் ஓடும் ஆறுதான். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பெய்யும் மழையும், அதைத் தேக்கும் ஏரிகளுமே ஆதாரம். பூமிக்கு அடியில் இருப்பதோ கடினப் பாறை. பாறைக்கு மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். எனவே ஏரிக்கு அடியிலுள்ள கிணற்றில் சித்திரையிலும் நீர் நிற்கும்போது, ஒரு மைல் தள்ளி மேட்டு நிலத்துக் கிணறு மாசியிலேயே வறண்டுவிடும். அவலூர்ப்பேட்டைப் பக்கத்துக் கிணறும் வளத்திப் பக்கத்துக் கிணறும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தாலுகா முழுவதற்கும் ஒரே சதவீதம் போட்டால், மேட்டு நிலத்துச் சிறு உழவரின் வறண்ட கிணறு சராசரிக்குள் மறைந்துபோகும்.

இறைக்கும் அளவிலும் இதே குறை உண்டு. எந்தக் கிணற்றிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கப்பட்டது என்று எவரும் நேரில் அளப்பதில்லை. கிணறுகளின் எண்ணிக்கையை, ஒரு கிணற்றுக்கு இவ்வளவு என்ற சராசரியால் பெருக்குகிறார்கள். நாற்பது அடிக் கிணற்றில் நாளுக்கு இரண்டு மணி நேரம் இறைத்து அரை ஏக்கர் மணிலா போடுபவரும், ஆழக் கிணற்றில் விடிய விடிய இறைத்து ஐந்து ஏக்கர் கரும்பு வைத்திருப்பவரும் அந்தப் பெருக்கலில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நிற்கிறார்கள். நீர்மட்டம் இறங்கும்போது முதலில் வறள்வது நாற்பது அடிக் கிணறு. இன்னும் ஆழமாகத் துளை போடக் கடன் கிடைக்காமல் தவிப்பவரும் அதே சிறு உழவர்தான்.

ஊரே அளக்கலாம்

இதற்கு மாற்று, அரசுக் கணக்கைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதன்று. அதன் பக்கத்தில் ஊர்க் கணக்கு ஒன்றை வைப்பதே. அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, அதன் நுனியில் ஒரு கனமான இரும்புத் துண்டு, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவையே போதும்.

ஒவ்வொரு ஊரிலும் மூன்று திறந்த கிணறுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று ஏரி ஆயக்கட்டில், ஒன்று நடுத்தர நிலத்தில், ஒன்று மேட்டு நிலத்தில் இருப்பது அவசியம். கிணற்று விளிம்பில் பெயிண்டால் ஒரு குறி வைத்து, எப்போதும் அந்த இடத்திலிருந்தே அளக்க வேண்டும். முதல் நாள் மாலையிலிருந்து மோட்டார் ஓடாமல் இருக்க வேண்டும். விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளப்பதே சரியான அளவு.

ஆண்டுக்கு இரு முறை அளந்தால் போதும். மழை முடிந்த மார்கழியில் ஒரு முறை, கோடை முற்றிய வைகாசியில் ஒரு முறை. மேல்மலையனூர்ப் பகுதியில் அமாவாசையை எவரும் மறப்பதில்லை. மார்கழி அமாவாசை, வைகாசி அமாவாசை ஆகிய இரு நாள் காலையை அளக்கும் நாளாக வைத்துக்கொண்டால் தேதி தவறாது. இதோடு பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, ஒவ்வொரு மழைக்கும் அடிக்கோலால் அளந்து குறித்து வந்தால் மழைக் கணக்கும் ஊருக்குக் கிடைத்துவிடும்.

எழுதியதைப் படிக்கும் முறையும் எளிதுதான். ஒரு கிணற்றில் மார்கழியில் 12 அடியில் தண்ணீர், வைகாசியில் 38 அடியில் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இடையில் இறங்கிய 26 அடி பெரும்பாலும் ஊர் இறைத்த நீர். மறு மார்கழியில் மறுபடியும் 12 அடிக்கு ஏறிவிட்டால் மழை அந்தச் செலவை ஈடுகட்டிவிட்டது. 18 அடியிலேயே நின்றுவிட்டால் ஆறடி கடன். முக்கியமாக, வைகாசியை வைகாசியோடுதான் ஒப்பிட வேண்டும். மார்கழியோடு ஒப்பிட்டு மனம் மகிழக் கூடாது. ஓராண்டு எண்ணை வைத்தும் முடிவுக்கு வரக் கூடாது. ஐந்து வைகாசிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் ஊர் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். மழை சுமாராக இருந்த ஆண்டிலும் வைகாசி மட்டம் இறங்காமல் நின்றால், அதுவே உண்மையான முன்னேற்றம்.

கணக்கு பயிருக்கு உதவ வேண்டும்

அளந்த எண் நோட்டிலேயே தூங்கினால் பயனில்லை. மார்கழி அளவை ஜனவரி 26 கிராம சபையிலும், வைகாசி அளவை ஆகஸ்டு 15 கிராம சபையிலும் படித்துக் காட்ட வேண்டும். மார்கழியில் மட்டம் தாழ்ந்திருந்தால் நவரை நெல்லைக் குறைத்துக்கொள்வதே விவேகம். நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஏக்கருக்கு ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். மணிலாவுக்கு 500 முதல் 550 மில்லிமீட்டர் போதும். கேழ்வரகும் உளுந்தும் அதைவிடக் குறைவாகவே கேட்கும். ஓர் ஏக்கர் நவரைக்குப் பாயும் நீரில் இரண்டு ஏக்கர் மணிலா விளையும். பக்கத்துத் திண்டிவனத்திலேயே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கையில், இரகத்துக்கும் யோசனைக்கும் வெகு தூரம் போக வேண்டியதில்லை.

இது நடக்கக்கூடியதா என்ற ஐயம் எழலாம். ஆந்திரத்தில் சித்தூர், அனந்தப்பூர், கடப்பை முதலிய வறட்சி மாவட்டங்களில், 2000ஐ அடுத்த பத்தாண்டில் 600க்கும் மேற்பட்ட ஊர்களில் உழவர்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்தார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அதற்குத் துணை நின்றது. அங்கும் கடினப் பாறைதான். இன்னதைப் பயிரிடாதே என்று எவரையும் தடுக்கவில்லை. பருவத்துக்கு முன் ஊர் கூடி, இருப்பு இவ்வளவு, போட நினைக்கும் பயிருக்குத் தேவை இவ்வளவு என்று எழுதிப் பார்த்தார்கள். கணக்கைக் கண்ணால் கண்ட பலர் தாங்களாகவே நெல்லைக் குறைத்து வேறு பயிருக்கு மாறினார்கள்.

கிணற்றை அளக்க ஆரம்பித்தால் நாளைக்கு மோட்டாருக்கு மீட்டர் வந்துவிடும், இலவச மின்சாரம் போய்விடும் என்ற அச்சம் கிராமங்களில் உண்டு. 1984இல் சிறு உழவர்களுக்கும், 1990இல் எல்லா உழவர்களுக்கும் கிடைத்த சலுகையை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால் கயிறு அளப்பது தண்ணீரின் மட்டத்தை, மின்சாரத்தை அன்று. அளக்காமல் விட்டாலும் அரசுக் கணக்கு நிற்கப்போவதில்லை. சராசரி போட்டுக்கொண்டே இருக்கும். 'இந்த ஊர் அதிநுகர்வு' என்று ஒரு நாள் அறிவிப்பு வரும்போது, 'எங்கள் மேட்டுக் கிணறுகளின் ஐந்தாண்டுக் கணக்கு இதோ' என்று எடுத்துக் காட்ட ஊரிடம் ஒரு நோட்டு இருந்தால்தான் பேச முடியும்.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகள் தடித்த ஆங்கில அறிக்கைகளில் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றை அடிக்கணக்கில், தமிழில், அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரிலேயே எழுதி வைக்க வேண்டும். தாலுகா சதவீதத்தோடு பிர்கா சதவீதத்தையும் தொடர்ந்து வெளியிட வேண்டும். கணிப்பு ஆண்டின் மழையளவைப் பக்கத்திலேயே தர வேண்டும். தடுப்பணை கட்டி முடித்தால் அதன் கீழுள்ள மூன்று கிணறுகளின் வைகாசி மட்டத்தை ஐந்தாண்டுகள் அளந்து காட்ட வேண்டும். ஊர் அளந்த எண்ணையும் துறை வாங்கிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

தமிழகம் 2003ஆம் ஆண்டில் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் இயற்றி, 2013ஆம் ஆண்டில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மேலிருந்து வரும் சட்டம் மட்டும் கிணற்றை நிரப்பிவிடாது. தன் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்பதைக் கயிறு விட்டு அறிந்து, அதற்கேற்பப் பயிர் செய்யும் ஊர்தான் தன் நீரைக் காத்துக்கொள்ளும். வருகிற மார்கழி அமாவாசையிலேயே மேல்மலையனூர் வட்டத்து உழவர் பெருமக்கள் முதல் எண்ணை எழுதத் தொடங்கலாம்.