ஸலாமுக்குப் பின் எழுந்து நிற்பவர்கள்

காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களின் நிர்வாகிகளுக்கும், இமாம்களுக்கும், மோதினார்களுக்கும், ஐவேளையும் முன் ஸஃப்பில் (வரிசையில்) நிற்கும் பெரியவர்களுக்கும், காக்காமார்களுக்கும், தம்பிமார்களுக்கும் ஹாங்காங்கில் பிழைப்பு நடத்தும் அவ்வூர்க்காரர் ஒருவர் எழுதும் திறந்த மடல்.



கூட்டுத் தொழுகையாகிய ஜமாஅத் தொடங்கிய பின் வந்து, தொழுகையின் சுற்றுகளாகிய ரக்அத்துகளில் ஒன்றையோ பலவற்றையோ தவறவிட்டு இமாமுடன் சேர்பவரை மார்க்கச் சட்ட நூல்கள் ‘மஸ்பூக்’ என்று குறிப்பிடுகின்றன. விடுமுறையில் ஊர் திரும்பும் இளைஞர்கள் பிந்தி வந்து தொழும் முறையைப் பற்றி ஊரில் அவ்வப்போது வாக்குவாதம் எழுவதும், அவர்கள் பள்ளியின் வாசலிலேயே கண்டிக்கப்படுவதும் கடல் கடந்து வாழ்வோரின் காதுக்கும் எட்டுவதால், மஸ்பூக்குக்கு உரிய ஒழுங்குகளையும் அவரிடத்தில் மற்றவர்கள் காக்க வேண்டிய ஒழுங்குகளையும் சேர்த்தே நினைவூட்டுவது இம்மடலின் நோக்கம். நூல்கள் இவ்விரண்டையும் பேசுகின்றன. வழக்கத்தில் முதலாவது மட்டும் உரத்துப் பேசப்படுகிறது.

தொழுகை தொடங்கப்போவதை அறிவிக்கும் இகாமத் கேட்டாலும் ஓடி வராமல் அமைதியாக நடந்து வர வேண்டும் என்றும், கிடைத்ததைத் தொழுது தவறியதை நிறைவு செய்துகொள்ள வேண்டும் என்றும் நபித்தோழர் அபூஹுரைரா அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. அதன்படி பார்த்தால், பிந்தி வந்தவரை விட தொழுகைக்கு முன் ஒளு செய்து கழுவிக்கொள்ளும் நீர்த்தொட்டியாகிய ஹவுளில் அவசரமாகக் கால் நனைத்துவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வருபவரே கூடுதலான கவலைக்குரியவர். ஒரு பயணத்தில் அஸருடைய நேரம் நெருக்கியபோது தோழர்கள் பரபரப்பாக ஒளு செய்ய, அவர்களுடைய குதிகால்கள் சரியாக நனையாததைக் கண்டுதான் குதிகால்களைப் பற்றிய கடுமையான எச்சரிக்கையை நபிகளார் விடுத்தார்கள். நல்ல முறையில் ஒளு செய்து வந்தும் ஜமாஅத் முடிந்துவிட்டதைக் காண்பவருக்கு அதில் கலந்துகொண்டவர்களுக்குரிய நன்மையே உண்டு என்று அபூதாவூதின் தொகுப்பில் நபிமொழி இருக்கையில், ஓடுவதற்கு என்ன காரணம் மிஞ்சுகிறது என்பது விளங்கவில்லை.

ஓட்டத்தின் மிகப் பெரிய சேதம், குனியும் நிலையாகிய ருகூஃவில்தான் நேர்கிறது. இமாம் குனிந்திருக்கும் நிலையில் சேர்ந்து, அவர் நிமிர்வதற்கு முன் தாமும் குனிந்து உறுப்புகள் நிலைகொள்ளும் அளவுக்கு இருந்துவிட்டால் அந்த ரக்அத் கிடைத்துவிடுகிறது என்பது நான்கு மத்ஹபுகளின் (சட்ட மரபுகளின்) நிலைப்பாடு என்பதால், பிந்தி வருபவர்கள் அந்த ஒரு கணத்தைப் பிடிக்கவே பாய்கிறார்கள். பாயும்போது தொழுகையைத் தொடங்கும் தக்பீரைக் குனிந்துகொண்டே சொல்லிவிடுகிறார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்க வேண்டிய அந்தத் தக்பீர் குனிந்த நிலையில் சொல்லப்பட்டால் ரக்அத் மட்டுமன்று, ஷாஃபிஈ மத்ஹபின்படி பர்ளுத் தொழுகையே கூடாமல் போகிறது. நின்று ஒரு தக்பீர், ருகூஃவுக்காக இன்னொரு தக்பீர் என்பதே சரியான முறை. நபிகளார் ருகூஃவில் இருந்தபோது வந்த அபூபக்ரா என்னும் தோழர் ஸஃப்பை அடையும் முன்பே குனிந்துவிட்டுப் பின்னர் ஸஃப்பில் சேர்ந்ததை அறிந்த நபிகளார், அவருடைய ஆர்வம் பெருகட்டும் என்று துஆ செய்துவிட்டு, இனி அவ்வாறு செய்ய வேண்டாம் என்றார்கள். கண்டிக்கும் பெரியவர்கள் முதலில் வந்த துஆவையும் கவனிக்க வேண்டும்.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஊருக்கே உரிய ஒரு நுட்பமும் உண்டு. இமாமுடன் நிற்கக் கிடைத்த நேரம் குர்ஆனின் முதல் சூராவாகிய பாத்திஹாவை ஓதி முடிக்கப் போதாதவர், தக்பீர் கட்டியவுடன் ‘வஜ்ஜஹ்து’ என்று தொடங்கும் ஆரம்ப துஆவில் ஈடுபடாமல் நேராகப் பாத்திஹாவைத் தொடங்க வேண்டும். இமாம் ருகூஃவுக்குச் சென்றால் ஓதியதோடு நிறுத்திக் குனிந்துவிடலாம், மீதியை இமாம் சுமந்துகொள்கிறார். துஆவில் நேரத்தைச் செலவிட்டவருக்கோ இந்தச் சலுகை இல்லை. செலவிட்ட அளவுக்குப் பாத்திஹாவிலிருந்து ஓதிய பின்னரே அவர் குனிய வேண்டும். சிறு வயதில் மனப்பாடமான வஜ்ஜஹ்து நாவில் தானாகவே வந்துவிடுவதால் ஐவேளைத் தொழுகையாளிகளும் இதில் தவறுகிறார்கள்.

இமாம் ஸஜ்தாவில் (சிரம் பணிந்த நிலையில்) இருப்பதைக் கண்டு, அந்த ரக்அத் கணக்கில் சேராதே என்று அவர் எழுந்து வரும் வரை தூண் ஓரத்தில் கைகட்டிக் காத்து நிற்பது பல ஊர்ப் பள்ளிகளிலும் காணப்படும் பழக்கம். தொடக்க காலத்தில் பிந்தி வந்தவர்கள் எத்தனை ரக்அத் முடிந்தது என்று கேட்டு, அவற்றைத் தனியே தொழுதுவிட்டு ஜமாஅத்தில் சேர்ந்துகொண்டிருந்தார்கள் என்றும், முஆத் இப்னு ஜபல் என்னும் தோழர் அவ்வாறு செய்யாமல் நபிகளார் இருந்த நிலையிலேயே சேர்ந்து தவறியதைப் பின்னர் நிறைவு செய்ய, அதுவே வழிமுறையாக்கப்பட்டது என்றும் அபூதாவூதின் தொகுப்பு கூறுகிறது. கணக்கில் சேராத ஸஜ்தாவும் ஸஜ்தாதான்.

வாக்குவாதத்துக்குக் காரணமான செய்தி இனிமேல்தான் வருகிறது. மஸ்பூக் இமாமுடன் தொழுவது அவருடைய தொழுகையின் தொடக்கமா, முடிவா? தொடக்கமே என்கிறது ஷாஃபிஈ மத்ஹப். ஓதுதலைப் பொறுத்தவரை அது முடிவு, எனவே பின்னர் எழுந்து தொழுவதே தவறிய தொடக்கம் என்கிறது ஹனஃபீ மத்ஹப். மேலே சொன்ன நபிமொழியின் ஓர் அறிவிப்பில் ‘நிறைவு செய்யுங்கள்’ என்றும் மற்றோர் அறிவிப்பில் ‘களாச் செய்யுங்கள்’ (தவறியதை ஈடுசெய்யுங்கள்) என்றும் வந்திருப்பது இவ்வேறுபாட்டின் வேர்களுள் ஒன்று. ஆனால் இஷாவின் கடைசி இரண்டு ரக்அத்துகளை மட்டும் இமாமுடன் பெற்றவர் எழுந்து என்ன செய்கிறார் என்று பார்த்தால், ஹனஃபீ ஆனவர் அவை தொடக்க ரக்அத்துகள் என்பதால் பாத்திஹாவுடன் சூரா ஓதுகிறார். ஷாஃபிஈ ஆனவருக்கு அவை மூன்றாவதும் நான்காவதுமே என்றாலும், இமாமுடன் சூரா ஓத வாய்க்கவில்லை என்பதற்காக அவற்றில் ஓதிக்கொள்வது சுன்னத் என்று இமாம் ஷாஃபிஈயின் சொல்லே இருக்கிறது. காரணம் வேறு, செயல் ஒன்று. சுபுஹில் வேறுபாடு வெளிப்படையானது: இரண்டாம் ரக்அத்தில் சேர்ந்த ஷாஃபிஈ, இமாமுடன் ஒருமுறை குனூத் என்னும் துஆவை ஓதியிருந்தாலும் தம்முடைய இரண்டாம் ரக்அத்தில் மீண்டும் ஓதுகிறார். கவ்லூனில் நாதன் சாலையிலுள்ள பள்ளிவாசலில் பாகிஸ்தானியரும் இந்தோனேசியரும் தமிழரும் ஒரே ஸஃப்பில் நிற்கையில், ஸலாமுக்குப் பின் எழுந்த மூவர் வெவ்வேறு விதமாக ஓதுவது அருகிலிருப்பவரின் காதுக்கும் கேட்பதில்லை.

பிந்தி வருவது இழுக்கு என்ற எண்ணத்துக்குத் தபூக் பயணத்தின் நிகழ்ச்சி ஒன்றே போதிய மறுப்பு. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டின் அப்பயணத்தில் தம் தேவைக்காக ஒதுங்கிச் சென்ற நபிகளார் திரும்பி வருவதற்குள் சுபுஹின் ஜமாஅத் தொடங்கி ஒரு ரக்அத் முடிந்திருந்தது. இமாமாக நின்ற தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் பின்வாங்க முயன்றபோது, தொடரும்படி சைகை செய்துவிட்டு, மஸ்பூக்காகவே சேர்ந்த நபிகளார், ஸலாமுக்குப் பின் எழுந்து தவறிய ரக்அத்தை நிறைவு செய்தார்கள். திடுக்கிட்டு நின்ற மக்களிடம், உரிய நேரத்தில் தொழுததைப் பாராட்டினார்கள்.

இமாமுக்கும் இதில் ஒழுங்கு உண்டு. ருகூஃவிலோ கடைசி அத்தஹிய்யாத்திலோ ஒருவர் உள்ளே வருவதை உணர்ந்தால் சற்றுக் காத்திருப்பது விரும்பத்தக்கது என்று இமாம் நவவீ ‘மின்ஹாஜ்’ நூலில் தீர்ப்பளிக்கிறார். காத்திருத்தல் எல்லை மீறக் கூடாது, வருபவர்களுக்கிடையே வேறுபாடு காட்டவும் கூடாது என்பவை அதற்கான நிபந்தனைகள். செல்வந்தரின் கனைப்புக்கு நீளும் ருகூஃ மீன்கடைக்காரரின் காலடிக்கு நீளாவிட்டால் நிபந்தனை முறிந்துவிட்டது. (கனைப்பவர் கனைக்காமலே இருப்பது இன்னும் நல்லது.)

ஸலாம் கொடுத்த பின் முன் ஸஃப்பினர் எழுந்து, தவறியதைத் தொழுதுகொண்டிருப்பவர்களின் நேர் முன்னால் குறுக்கிட்டு வெளியேறுவது, தொழுபவரின் முன் கடப்பதைப் பற்றிய எச்சரிக்கையை அறிந்தவர்களும் செய்யும் பிழை. இமாமின் ஸலாமோடு மஸ்பூக் தனித்துத் தொழுபவராகிவிடுகிறார் என்பதால் சில நிமிடம் அமர்ந்திருப்பதோ சுற்றிச் செல்வதோ கடமை. அந்நேரத்தில் ஒலிபெருக்கியில் உரத்து ஓதப்படும் கூட்டு துஆவும் பின் ஸஃப்பில் பாத்திஹா ஓதுபவரை இடறுகிறது. துஆ கூடுமா கூடாதா என்ற பழைய சண்டைக்குள் போகாமலே ஒலியைக் குறைக்கலாம்.

வெள்ளிக்கிழமை அலுவல் நாளாக உள்ள ஹாங்காங் போன்ற இடங்களில் ஜும்ஆவுக்குப் பிந்துவது அடிக்கடி நேர்கிறது. இமாமின் இரண்டாம் ருகூஃவுக்குள் சேர்ந்தவருக்கு ஜும்ஆ கிடைத்துவிடுகிறது, இன்னொரு ரக்அத் போதும். அதற்குப் பின் சேர்ந்தவர் ஷாஃபிஈ மத்ஹபின்படி ஜும்ஆவின் நிய்யத்துடனே சேர்ந்து, ஸலாமுக்குப் பின் லுஹராக நான்கு ரக்அத் தொழ வேண்டும். இமாம் அபூஹனீஃபாவின் கருத்தில் கடைசி அமர்வில் சேர்ந்தவருக்கும் இரண்டே ரக்அத். வெளிநாட்டில் ஹனஃபீ நண்பர்களைப் பார்த்து ஷாஃபிஈ இளைஞர்களும் இரண்டோடு முடித்துக்கொள்வதை இம்மடலாசிரியர் கண்டதுண்டு. ஊரில் யாரும் சொல்லித்தரவில்லை என்பதே அவர்கள் தரும் விடை.

ஆகவே, ரமளான் வகுப்புகளிலும் பயணம் புறப்படும் இளைஞர்களுக்கான அறிவுரைகளிலும் மஸ்பூக்கின் சட்டங்கள், இரு மத்ஹபுகளின் முறைகளும் அருகருகே வைக்கப்பட்டு, நின்று குனிந்து செய்துகாட்டப்பட வேண்டும் என்று ஜமாஅத்தாரிடம் கேட்டுக்கொள்ளப்படுகிறது. இகாமத்தின் நேரத்தை ஹவுளின் அருகே பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்கான செலவை ஹாங்காங்வாழ் நண்பர்கள் ஏற்றுக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறார்கள். எந்தெந்தப் பள்ளிக்குத் தேவை என்பதை நிர்வாகிகள் தெரிவித்தால் போதும்.

வஸ்ஸலாம்.