பரண்மேல் கிட்டப்பா

பழைய இசைத்தட்டுகளை விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி இப்போது பல வீடுகளில் எழுந்திருக்கிறது. வீட்டை இடித்துக் கட்டும்போது எழுகிறது. பாகப் பிரிவினையின்போது எழுகிறது. வீட்டுக் கிழவர் காலமாகி, பதினாறாம் நாள் கழிந்து, பரணைச் சுத்தம் செய்ய ஏணி வைக்கும்போது கட்டாயம் எழுகிறது. எழுந்தவுடன் வீடு இரண்டு கட்சியாகிவிடும். ஒரு கட்சி, "தாத்தா சேர்த்தது, தொடாதே" என்னும். மற்றக் கட்சி, "எல்லாந்தான் போனில் வருகிறதே, தள்ளிவிட்டு இடத்தைக் காலி பண்ணு" என்னும். இரண்டு கட்சிக்கும் தங்கள் பக்கமே நியாயம் என்பதில் சந்தேகமில்லை. இரண்டும் தவறு என்பது என் அபிப்பிராயம். அதிலும், விற்கச் சொல்கிறவர்களைவிட வைத்திருக்கச் சொல்கிறவர்களே சங்கீதத்துக்கு அதிகக் கெடுதல் செய்கிறார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும்.

வெறும் தத்துவமாகப் பேச வேண்டாம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தென்காசிக்கு வடக்கே, மலையடிவாரத்தில் அச்சன்புதூர் இருக்கிறது. பக்கத்தில் வடகரை, சற்றுத் தள்ளிப் பண்பொழி, அதற்கப்பால் செங்கோட்டை. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் விழுகிற சாரல் இந்த ஊர் வயல்களிலும் விழும். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி நிறையத் தட்டுகள் இருக்கின்றன. அடியில் அவருடைய தகப்பனார் வாங்கிய அரக்குத் தட்டுகள்: செங்கோட்டை கிட்டப்பாவின் நாடகப் பாட்டுகள், கொஞ்சம் நாதஸ்வரம். நடுவில் இவர் வாங்கிய சினிமாத் தட்டுகள், நாகூர் ஹனிபாவின் பாட்டுகள், ‘திருவிளையாடல்’ பாட்டும் கதைவசனமும். மேலே மகன் வாங்கிய இளையராஜா காலத்து எல்.பி.க்கள். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் ரேடியோ செட் கட்டுகிறவர்கள் ஒரு காலத்தில் இரவல் கேட்டு வந்த வீடு அது. இப்போது மகன் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார். சென்னை வியாபாரி ஒருவர் போனிலேயே மொத்தத்துக்கும் ஒரு விலை சொல்லியிருக்கிறார். பெரியவர் முடியாது என்கிறார்.

"கடைசியாக எப்போது போட்டுக் கேட்டீர்கள், அண்ணாச்சி?" என்றால் பதில் உடனே வராது. "மிஷின் ரிப்பேராகி ரொம்ப வருசமாச்சு. ஆனா பிளேட்டு இருக்குல்லா? அது பாட்டுக்கு இருக்கட்டுமே!" என்பார்.

அது பாட்டுக்கு இருப்பதுதான் தொல்லை. பித்தளைப் பானை பரணில் கிடந்தால் களிம்பு ஏறும். புளி போட்டுத் தேய்த்தால் மறுபடியும் பளபளக்கும். தட்டின் சங்கதி அப்படியல்ல. பழைய தட்டு என்பது அரக்கையும் கல்பொடியையும் கரியையும் கலந்து அழுத்திச் செய்த பண்டம். சாரல் காலத்து ஈரத்தில் காகித உறையில் பூஞ்சணம் பூக்கும். உறையிலிருந்து தட்டுக்கு இறங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக ஐம்பது தட்டை அடுக்கினால், அடியில் இருப்பது ஒருநாள் சத்தமில்லாமல் விரிசல் விடும். எல்.பி. பிளாஸ்டிக் ஆனதால் அவ்வளவு எளிதில் உடையாது. ஆனால் சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரையின் கீழே அப்பளம்போல் வளையும். வளைந்த தட்டில் முள் சரியாக ஓடாது. ஆகவே, "விற்காமல் காப்பாற்றுகிறேன்" என்று சொல்கிறவர் உண்மையில் காப்பாற்றவில்லை. இருபது வருஷத் தவணையில் அழித்துக்கொண்டிருக்கிறார். வியாபாரி ஒரே நாளில் செய்யக்கூடியதை இவர் கௌரவமாக, மெதுவாகச் செய்கிறார், அவ்வளவே வித்தியாசம்.

கௌரவம் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதினேன். நம் நாட்டில் வீட்டுப் பொருளை விற்பது என்றால் நொடித்துப் போனதற்கு அடையாளம். நகை விற்றாலும் அப்படி, நிலம் விற்றாலும் அப்படி. அந்தப் பயம் இசைத்தட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் ஞாபகம் என்று சொல்கிறவர்களில் பலர், அப்பாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டால் விழிக்கிறார்கள். அந்த மனிதர் எந்தப் பாட்டுக்காக அந்த நாளில் அரிசிக்கும் புளிக்கும் இருந்த பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாரோ, அந்தப் பாட்டை ஒரு தரம் கேட்பதல்லவா ஞாபகம்? அவர் பெட்டியைப் பூட்டி வைப்பது எப்படி ஞாபகமாகும்?

இனி, மற்றக் கட்சிக்கு வருவோம். "எல்லாம் போனில் இருக்கிறது" என்கிறார்களே, போனுக்குள் அது எப்படி வந்தது? யாரோ ஒரு ரசிகர் தம்மிடம் இருந்த தட்டைத் துடைத்து, சுழலவிட்டு, பிரதி எடுத்து ஏற்றி வைத்தார், அதனால் வந்தது. அவரும் இவர்களைப்போல் தட்டைத் தள்ளிவிட்டிருந்தால் போனில் ஒன்றும் வந்திராது. தட்டுகளில் இருந்ததெல்லாம் போனுக்குள் ஏறிவிட்டது என்று கணக்கெடுத்துச் சொன்னவரும் யாரும் இல்லை. ஏறியதும் சரியாக ஏறியது என்று சொல்வதற்கில்லை. பழைய தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழல வேண்டும் என்பது பொது விதி. ஆரம்ப காலத்துத் தட்டுகள் பல இந்த விதிக்கு அடங்காமல் சற்று முன்பின்னாகப் பதிவானவை. பிரதி எடுப்பவர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் சுருதி ஏறிவிடும். பாடகர் குரலே மாறிவிடும். கிட்டப்பா எத்தனை கட்டையில் பாடினார் என்று வாதம் செய்கிறவர்கள், தாங்கள் கேட்ட பிரதி எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். விசாரிக்க வேண்டுமானால் மூலத்தட்டு எங்காவது இருக்க வேண்டும்.

கிட்டப்பா விஷயத்தில் இது வெறும் நுணுக்கமும் அல்ல. எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல், அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டையில் பிறந்தார். அச்சன்புதூரிலிருந்து சில மைல் தூரம். நாடக மேடையில் அவர் குரலுக்காக ஜனங்கள் விடிய விடியக் காத்துக் கிடந்தார்கள். 1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ என்ற முதல் தமிழ்ப் பேசும்படம் வந்தது. 1933 டிசம்பரில், 27 வயதில், கிட்டப்பா காலமானார். ஒரு சினிமாவிலும் அவர் நடிக்கவில்லை. அவருடைய மனைவி கே.பி. சுந்தராம்பாளை 1953இல் வந்த ‘ஔவையா’ரில் இன்றும் பார்க்கலாம், 1965இல் வந்த ‘திருவிளையாட’லில் பார்க்கலாம், கேட்கலாம். கணவரைப் பார்க்க வழியே இல்லை. கேட்க மட்டும், அந்த மூன்று நிமிஷத் தட்டுகள் இருக்கின்றன. மரப்பெட்டியின் நடுவில் மனைவியின் குரலும் அடியில் கணவரின் குரலும் இருப்பது அச்சன்புதூர்ப் பெரியவருக்குத் தெரியும். ஆனாலும், அடித்தட்டு கீறினால் இழப்பது எது என்பதை அவரும் யோசிக்கவில்லை, மகனும் யோசிக்கவில்லை.

இழப்பு என்றால் என்ன என்பதற்கும் அதே சீமையில் சாட்சி உண்டு. பாரதியார் 1918 முதல் 1920 வரை கடையத்தில் இருந்தார். அவர் பாடியதைக் கேட்டவர்கள் பக்கம் பக்கமாக வர்ணித்திருக்கிறார்கள். கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் வந்து பாட்டைப் பதிவு செய்தது 1902இல். அங்கே தட்டு அழுத்தும் தொழிற்சாலை ஏற்பட்டது 1908இல். ஆகவே, பாரதியார் காலத்தில் சாதனம் இருந்தது. அவர் குரல் மட்டும் நமக்கு இல்லை. எத்தனை வர்ணனை இருந்தும் அந்தக் குரல் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது. கிட்டப்பா குரல் இருக்கிறது. அதைப் பூஞ்சணத்துக்கு விட்டிருக்கிறோம்.

"கம்பெனிக்காரர்கள் பத்திரப்படுத்தியிருப்பார்கள், நமக்கென்ன?" என்று சிலர் சமாதானம் சொல்லலாம். கம்பெனிக்குத் தட்டு ஒரு சரக்கு. யுத்த காலத்தில், 1942இல், அமெரிக்காவில் அரக்குக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஜனங்களிடமிருந்து பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி அரைத்துப் புதிய தட்டுப் போட்டார்கள். 2008இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் கம்பெனியின் கிடங்கு எரிந்து, ஏராளமான மூல ஒலிநாடாக்கள் சாம்பலாயின. அந்த நஷ்டத்தின் அளவு பத்திரிகையில் விரிவாக வெளிவந்ததே 2019இல்தான். பெரிய பணக்கார தேசத்துக் கம்பெனிகளின் கதை இது. இங்கே என்ன நடந்திருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பின், யார்தான் காப்பாற்றினார்கள்? வாங்கியவர்கள் காப்பாற்றினார்கள். இதைக் ‘காப்போர் கட்சி’ கவனிக்க வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கத் தொடங்கியவர். 1992இல் அவர் காலமானபின், அவருடைய சேகரத்தை மூலதனமாகக் கொண்டு சென்னையில் ஏற்பட்ட நூலகம் இன்று உலகத்து ஆராய்ச்சிக்காரர்களெல்லாம் தேடி வரும் இடம். தட்டு விஷயத்தில் சென்னை வி.ஏ.கே. ரங்காராவ் பெயரை அறியாத ரசிகர் இல்லை. அவர் சேர்த்த பல பத்தாயிரம் தட்டுகள் அவர் வீட்டுத் தோட்டத்தில் முளைத்தவை அல்ல. பம்பாயில் 1990இல் இசைத்தட்டுச் சேகரிப்போர் ஒரு சங்கமே அமைத்தார்கள். அவர்களைப் போன்றவர்கள் கையில் இருந்த பழைய ஓடியன் தட்டுகளைத்தான், பிரிட்டிஷ் நூலகம் பணம் கொடுத்து மின்பிரதி எடுக்கச் செய்தது. இத்தனைக்கும் ஆரம்பம், எங்கோ யாரோ ஒருவர் தட்டை விற்கச் சம்மதித்தது. 1985இல் எரிந்து போகும்வரை மூர் மார்க்கெட் நமக்குச் செய்த உபகாரத்தைப் பல ஆயிரம் பரண்கள் சேர்ந்தும் செய்யவில்லை.

அப்படியானால் சென்னை வியாபாரிக்கு இன்றே லாரி அனுப்பச் சொல்லலாமா? கூடாது. மொத்த விலை பேசுகிற வியாபாரி பத்துத் தட்டுக்காக முந்நூறு தட்டு வாங்குகிறார். அந்தப் பத்தும் விலை போகும். மற்றவை மூட்டை கட்டிக் கிடக்கும். பழையதெல்லாம் அபூர்வம் என்று மயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆயிரக்கணக்கில் அடித்த சினிமாத் தட்டுக்கு அதிக விலை கிடைக்காது. கிராக்கி இல்லாத எல்.பி.யின் கதி என்ன தெரியுமா? அதைச் சுடவைத்து வளைத்துப் பூத்தட்டாக்குகிறார்கள். நடுவில் முள் பொருத்திச் சுவர்க் கடிகாரமாக்குகிறார்கள். பாட்டுக்கு ஓட வேண்டிய முள் போய், மணி காட்டுகிற முள் வந்துவிடுகிறது. இதை வாங்கி வரவேற்பறையில் மாட்டி, தமக்குக் கலை உணர்ச்சி இருப்பதாகக் காட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

விற்பது குற்றமல்ல, கணக்கில்லாமல் விற்பது குற்றம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தட்டாக எடுத்து, கம்பெனிப் பெயர், எண், பாடியவர், இரண்டு பக்கத்துப் பாட்டு, தட்டின் நிலைமை ஆகியவற்றை எழுதுங்கள். நடுக்காகிதம் கிழிந்திருந்தால், அதை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் ஓர் எண் பொறித்திருக்கும், அதை எழுதுங்கள். தட்டு எப்போது பதிவானது என்பதை அறிந்தவர்கள் அந்த எண்ணிலிருந்தே கண்டுபிடிப்பார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை இது. இந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வியாபாரியும் மரியாதையாகப் பேசுவார். தட்டு எங்கே போனாலும் எது எங்கே போயிற்று என்பது தெரியும்.

கிட்டப்பா தட்டுகளைப் போன்றவற்றுக்கு விற்குமுன் பிரதி எடுத்துவிட வேண்டும். சட்டம் குறுக்கே நிற்காது: ஒலிப்பதிவின் மீது கம்பெனிக்குள்ள உரிமை இந்தியாவில் 60 ஆண்டுகளுக்குத்தான். 1930களில் வெளியான பதிவுகளுக்கு அது தீர்ந்து வெகுகாலமாயிற்று. ஒரே எச்சரிக்கை: சாராயச் சத்துள்ள திரவம் எதையும் ஊற்றி அரக்குத் தட்டைத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். தாத்தா காலத்து இரும்பு முள்ளை எல்.பி.யில் வைக்காதீர்கள், வரியைக் கிழித்துவிடும்.

"விற்பதற்குப் பதில் ஏதாவது ஒரு நூலகத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று புண்ணியவான்கள் கேட்பார்கள். தட்டைச் சுழற்ற மிஷினும், பராமரிக்க ஆளும் உள்ள நூலகமானால் தாராளமாகக் கொடுங்கள். இரண்டும் இல்லாத இடத்துக்குக் கொடுப்பது தானமல்ல. நம் வீட்டுப் பரணைச் சர்க்காரின் பரணுக்கு மாற்றுவதுதான். அதைவிட, காசு கொடுத்து வாங்குகிற ரசிகன் மேல். காசு கொடுத்தவன் பொருளைத் துடைத்து வைப்பான்.

ஆகவே, அச்சன்புதூர்ப் பெரியவருக்கும் அவர் மகனுக்கும் என் தீர்ப்பு இது. மிஷினைத் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ அனுப்பி ரிப்பேர் செய்யட்டும். ரிப்பேருக்கு உதவாவிட்டால் வேறொன்று வாங்கட்டும். தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கட்டும். மறுபடியும் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறவற்றைப் புது வீட்டில், கூடத்தில், நிமிர்த்தி அடுக்கி வைக்கட்டும். மற்றவற்றை நோட்டில் எழுதி, கேட்கக்கூடியவனாகப் பார்த்து, நல்ல விலைக்கு, வெட்கப்படாமல் விற்கட்டும். இதெல்லாம் முடியாதென்றால், தாத்தா சொத்து என்ற பேச்சையாவது நிறுத்திவிடட்டும். எதைச் செய்வதானாலும் அடுத்த சாரலுக்கு முன்னால் செய்யட்டும்.