பச்சைப்பசேல் என்றிருந்தால் நல்ல கீரையா?



நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ. சாக்கடைக் கரையில் விளைந்த கீரையானாலும் உப்பும் மஞ்சளும் போட்டு அலசினால் விஷமெல்லாம் போய்விடுமாம். கீழே பதினேழு கைகூப்பு. அதில் நான்கு பேர் என்னிடம் தாவரவியல் படித்தவர்கள்! கோபம் வந்தது. அப்புறம் வெட்கமும் வந்தது. "வேர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் உறிஞ்சும்" என்று முப்பது வருஷம் உங்களுக்குச் சொன்னவன் நான்தானே. அது பாதி உண்மை.

காட்மியத்துக்கென்று வேரில் தனி வாசல் கிடையாது. இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு நுழையும் வாசலிலேயே அதுவும் நுழைகிறது. செடி சும்மா இருக்காது. பைட்டோகெலாட்டின் என்ற கந்தகம் கலந்த பொருளால் அதைக் கட்டிப்போட்டு, செல்லின் வாக்குவோலில் அடைத்துவிடும். செடி பிழைத்துக்கொள்ளும், இலையும் பச்சையாகவே இருக்கும். அடைத்து வைத்ததைத் தின்பது நாம். இலைக்கு உள்ளே இருப்பதை மஞ்சள்தண்ணீர் என்ன செய்யும்? மேலே ஒட்டிய மண்ணும் தூசியும் போகும், அவ்வளவுதான். ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். காட்மியம் இலைக்கு ஏறும்.

ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசன வயல்களில் சுரங்கக் கழிவின் காட்மியம் நெல்லில் ஏறியது. எலும்பு முறிந்தவர்கள் "இத்தாய் இத்தாய்" (வலிக்குதே, வலிக்குதே) என்று கதறியதே நோயின் பெயரானது. அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968இல்தான். அவ்வளவு தூரம் ஏன், நம் ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கு மேல்.

"கீரைக்காரம்மா பிழைப்புல மண்ணை அள்ளிப் போடறீங்களே அண்ணா" என்கிறான் தம்பி. உய்யக்கொண்டானில் கழிவைக் கலந்தது அவளா? ராஜராஜன் காலத்து வாய்க்கால், பேட்டைவாய்த்தலையில் காவிரியாகப் புறப்பட்டு ஊருக்குள் வந்ததும் சாக்கடையைச் சுமக்கிறது. தூர்வாரும் வண்டலை எரு என்று வயலில் கொட்டுமுன் சோதிக்க வேண்டாமா? காந்தி மார்க்கெட் கீரையையும் சேர்த்துச் சோதித்து, முடிவை எல்லாரும் பார்க்க ஒட்டட்டும். கீரைக்குச் சர்வதேச கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியம். நான் கேட்பது எண்ணை.

நானும் ஸ்ரீரங்கத்துக் கொல்லையில் குப்பைமேட்டு உரம் போட்டு அரைக்கீரை வளர்த்தவன்தான். பேத்திக்கு மசித்து ஊட்டியிருக்கிறேன். அந்த மண்ணைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். வேளாண்துறையிலும் மாநகராட்சியிலும் இருக்கிற என் பிள்ளைகளே, எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று கீழே எழுதுங்கள். கைகூப்பு வேண்டாம்.