துணைக்கு வாங்கிய கிளி

எங்கள் விஸ்வநத்தத்தில் கிளி வளர்ப்பதற்கு எல்லா வீட்டிலும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பிள்ளைக்குத் துணை. விடிந்ததும் வேன் ஏறிப் பட்டாசு ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போய்விடுகிறோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை வெறும் வீட்டில் நிற்க வேண்டாமே என்று, மொட்டைப் பனைப் பொந்தில் கைவிட்டு எடுத்த குஞ்சை வாங்கிக் கூண்டில் போட்டோம். பகலெல்லாம் அந்தக் குஞ்சு தனியாக என்ன செய்யும் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கிளி கூட்டமாக இரை தேடி, கூட்டமாக அடையும் பறவை. கண்ணில் படாத துணையைக் கத்தித்தான் கூப்பிடும். பதில் குரல் வந்தால் நிம்மதி. காலையில் நாங்கள் கிளம்பும்போதும், சாயங்காலம் வேன் சத்தம் கேட்டபோதும் அது அலறியது அதற்குத்தான். “சனியன், காதைக் கிழிக்குது” என்று கூண்டைத் தட்டினோம். அப்படியும் அடங்காவிட்டால் சாக்கைப் போட்டு மூடினோம்.

கடித்தால் திமிர் என்றோம். இளங்கிளிக்கு அலகுதான் கை, எதையும் கவ்விப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். மிரண்டால் உடம்பு இறுகும், கருமணி சட்டுச்சட்டென்று சுருங்கி விரியும். கடிக்கும் முன்பே சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகும் விரலை நீட்டியது நாங்கள். ஒரு வேப்பங்குச்சியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால் பட்டையை உரித்துக்கொண்டே பொழுதைப் போக்கியிருக்கும். அதுவும் இல்லாததால் தன் இறகையே பிடுங்க ஆரம்பித்தது. நெஞ்சில் தோல் தெரிந்தபோது உடம்புச் சூடு என்று மஞ்சள் தடவினோம்.

தீனி, டீயில் நனைத்த பன்னும் மிஞ்சிய சோறும். பேச்சு வரட்டும் என்று மிளகாய்ப்பழம் மட்டும் தவறாமல் வைத்தோம். பறவைக்குக் காரம் உறைப்பதே இல்லை. பழம் அதற்கு நல்லதுதான். ஆனால் பேச்சு அதனால் வருவதில்லை. பேச வேறு கிளி இல்லாததால் எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டது.

வெடியைச் சொல்லாமல் விட முடியாது. தீபாவளியன்று கைக்குழந்தைக்காக ஜன்னலைச் சாத்திய வீட்டிலும் கூண்டு வெளியேதான் தொங்கியது. இருட்டில் திடுக்கிட்ட கிளி கம்பியில் மோதி இறகை ஒடித்துக்கொள்ளும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி மக்கள் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடிப்பதில்லை. அதனால் எங்கள் பிழைப்பு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையிலிருக்கும் கிளியை இலையும் மாதுளம்பூவும் கொண்டு அன்றாடம் புதிதாகச் செய்கிறார்கள். அதைக் கும்பிட்டுத் திரும்பி, கூண்டுக்குக் கீழேதான் செருப்பைக் கழற்றினோம்.

சட்டம் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2023-ல் சென்னையில் கிளி வளர்த்த நடிகர் ஒருவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்த செய்தியை டீக்கடையில் சிரித்தபடி வாசித்தோம். பயந்தவர்கள் கூண்டைத் திறந்துவிட்டார்கள். கையால் ஊட்டி வளர்த்த குஞ்சுக்கு இரை தேடவும் தெரியாது, காக்கையிடமிருந்து தப்பவும் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படைக்கலாம் என்று பேச்சு வந்தபோது கேஸ் போடுவார்களோ என்றோம். உண்மையில் பிள்ளை அழும் என்பதுதான் எங்கள் தயக்கம். இதற்கிடையே, வெட்டிய இறக்கை இறகு உதிர்ந்து மறுபடி முளைத்தபோதெல்லாம் கத்தரிக்கோலைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் நாங்கள்தான்.