"சம்மதிக்கிறேன்" என்னும் கைநாட்டு

செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் நம்மைப் பற்றிய சங்கதிகளைக் கம்பெனிக்காரர்கள் சேகரித்து வைத்துக்கொள்ளுகிறார்கள் என்பது இப்போது இரகசியமல்ல. டீக்கடையிலும், ரயிலிலும், ஆபீசிலும் இதைப் பற்றிப் பேச்சு வருகின்றது. ஆனால் பேச்சு வந்தவுடனே மூன்று சமாதானங்களும் கூடவே வந்துவிடுகின்றன. "என்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பது ஒன்று. "இனாமாய் விளையாடக் கொடுக்கிறவன் சும்மாவா கொடுப்பான்?" என்பது மற்றொன்று. "கேட்டுத்தானே எடுக்கிறான்? சம்மதிக்கிறேன் என்று பொத்தானை அழுத்தியவன் நீதானே?" என்பது மூன்றாவது. இம்மூன்றையும் அதிகமாய்ச் சொல்லுகிறவர்கள் கம்பெனி முதலாளிகள் அல்லர். பறிகொடுத்தவர்களே சொல்லுகிறார்கள். ஆதலால்தான் இதைப் பற்றி நாம் எழுத வேண்டியதாயிற்று.

மூன்றாவது சமாதானத்தையே முதலில் எடுத்துக்கொள்ளுவோம்.

2010-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி, இங்கிலாந்தில் அப்போது இருந்த கேம்ஸ்டேஷன் என்னும் வீடியோ விளையாட்டு விற்கும் கம்பெனி, தன் இணையக் கடையின் ஷரத்துகளுக்கு நடுவில் புதிதாக ஒரு ஷரத்தை நுழைத்தது. சாமான் வாங்குகிறவர் தம்முடைய அழிவற்ற ஆன்மாவின் மீது கம்பெனிக்கு உரிமை எழுதிக் கொடுக்கிறார் என்பது அதன் கருத்து. இணங்காதவர் ஓரிடத்தில் அழுத்தி விலகிக்கொள்ளலாம். அப்படி விலகுகிறவருக்கு 5 பவுன் பெறுமான சீட்டு சன்மானம் என்றும் அதிலேயே சொல்லியிருந்தது. முட்டாள்கள் தின வேடிக்கைதான். ஆனால் நடந்தது என்ன? சுமார் 7,500 பேர் தங்கள் ஆன்மாவை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நூற்றுக்கு 88 பேர் அந்த ஷரத்தைக் கவனிக்கவே இல்லை. அவ்வளவு பேரும் 5 பவுனையும் விட்டார்கள்.

ஆன்மா என்று ஒன்று இருக்கின்றதா என்பதைப் பற்றி நமது வாசகர்களுக்கு நாம் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் அந்த 7,500 பேருக்கும் அந்த வகையில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் இல்லாத வஸ்துவை இவ்வளவு சுலபமாய் எழுதி வாங்கக்கூடுமானால், இருக்கின்ற வஸ்துக்களை எழுதி வாங்குவது எவ்வளவு சுலபம் என்பதை யோசித்துப் பாருங்கள். நீங்கள் இருக்கும் இடம், தூங்கும் நேரம், உங்கள் சிநேகிதர்கள் யார் என்பது, உங்கள் குழந்தையின் குரல் ஆகிய இவையெல்லாம் இருக்கின்ற வஸ்துக்கள். வேடிக்கைக்கல்ல, வியாபாரத்துக்காகவே இவை எழுதி வாங்கப்படுகின்றன.

"படித்துப் பார்க்காதது அவர்கள் தப்பு அல்லவா?" என்று கேட்கலாம். படிக்க முடியுமா என்பதுதான் நமது கேள்வி. 2008-ம் வருஷத்தில் அமெரிக்காவில் கார்னெகி மெலன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு மனிதர் தாம் வருஷம் முழுவதும் போகின்ற இணையத்தளங்களின் அந்தரங்கக் கொள்கைப் பத்திரங்களை வரி விடாமல் படிப்பதானால், வருஷத்துக்குச் சுமார் 200 மணி நேரம் வேண்டும் என்று கண்டார்கள். நாளொன்றுக்கு 8 மணி வீதம் 25 நாள் வேலை. எந்தக் குமாஸ்தாவுக்கு, எந்தக் கூலிக்காரனுக்கு இதற்காக 25 நாள் ரஜா கிடைக்கும்?

அக்காலத்தில் வட்டிக் கடைக்காரன் எழுத்தறியாத குடியானவனிடம் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, பிறகு நிலத்தைப் பிடுங்க வரும்போது, "இது உன் பெருவிரல் ரேகைதானே?" என்று கேட்பான். ரேகை அவனுடையதுதான். சம்மதம் அவனுடையதா? எழுத்தறியாதவனிடம் படிக்கத் தெரியாத பத்திரத்தைக் காட்டினான் பழைய வட்டிக்காரன். எழுத்தறிந்தவனிடம் படித்து மாளாத பத்திரத்தைக் காட்டுகிறான் புதிய வட்டிக்காரன். அதிலும் "சம்மதமில்லை" என்றால் விளையாட்டே திறக்காது. இதற்குச் சம்மதம் என்று பெயர் வைப்பது சுத்தப் பித்தலாட்டமேயாகும்.

இனி, "என்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பதைப் பார்ப்போம். இப்படிச் சொல்லுகின்ற யோக்கியர் தமது சம்பளச் சீட்டையும், ஆஸ்பத்திரிச் சீட்டையும், மனைவிக்கு எழுதிய கடிதத்தையும் தெருமுனைச் சுவரில் ஒட்டி வைப்பாரா? குளிக்கும் அறைக்கு ஏன் கதவு வைக்கிறோம்? உள்ளே திருட்டுச் சாமான் இருப்பதனாலா? யாரிடம் எதைச் சொல்லுவது என்பதைத் தானே தீர்மானிக்கும் அதிகாரத்துக்குத்தான் அந்தரங்கம் என்று பெயர். குற்றவாளிக்கு மாத்திரம் வேண்டிய சரக்கல்ல அது.

அன்றியும், நீங்கள் கொடுப்பது உங்களுடைய சங்கதி மாத்திரமுமல்ல. 2014-ம் வருஷ வாக்கில் பேஸ்புக்கில் ஒரு குணப் பரீட்சைச் செயலி இருந்தது. சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் உங்கள் சுபாவம் இன்னது என்று சொல்லும். பொழுதுபோக்கு விளையாட்டு மாதிரி. அதில் சேர்ந்தவர்கள் சுமார் 2,70,000 பேர். ஆனால் அச்செயலி அவர்களுடைய சிநேகிதர்களின் விவரங்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டது. அவை கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் தேர்தல் பிரசாரக் கம்பெனியின் கைக்குப் போயின. இவ்விதம் 8 கோடியே 70 லட்சம் பேர் வரையில் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018-ம் வருஷத்தில் பேஸ்புக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதாவது பொத்தானை அழுத்தின ஒவ்வொருவரும், தம்மை அறியாமலே, அழுத்தாத முன்னூறு பேருக்கு மேல் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்த முன்னூறு பேர் எதற்குச் சம்மதித்தார்கள்? "எனக்கு மறைக்க ஒன்றுமில்லை" என்று சொல்லுவதற்கு ஒருவருக்கு உரிமை இருக்கலாம். "என் சிநேகிதனுக்கும் ஒன்றுமில்லை" என்று சொல்ல இவர் யார்?

"எடுப்பவன் வியாபாரிதானே, சர்க்கார் அல்லவே" என்று சிலர் ஆறுதல் கொள்ளுகிறார்கள். 2014 ஜனவரியில் ஸ்னோடன் வெளியிட்ட தஸ்தாவேஜுகளைக்கொண்டு பத்திரிகைகள் ஒரு செய்தி பிரசுரித்தன. "ஆங்கிரி பேர்ட்ஸ்" முதலிய செல்போன் செயலிகளிலிருந்து கசியும் விவரங்களை அமெரிக்க, பிரிட்டிஷ் வேவு இலாகாக்கள் பொறுக்க வழி தேடின என்பதே அச்செய்தி. அவ்விளையாட்டைச் செய்த பின்லாந்துக் கம்பெனி, தாங்கள் எந்த வேவு இலாகாவுக்கும் உடந்தையல்ல என்றும், வேவு நடந்திருந்தால் விளம்பரக் கம்பெனிகளின் வழியாக நடந்திருக்கலாம் என்றும் சொல்லிற்று. அது உண்மையாகவே இருக்கட்டும். வியாபாரி ஒரு களஞ்சியத்தைக் கட்டிவிட்டால், அதற்குள் யார் யார் கை விடுவார்கள் என்பது வியாபாரிக்கே தெரியாது என்பதுதானே இதனால் விளங்குகின்றது?

நிற்க, இனாம் விளையாட்டு என்பதன் யோக்கியதையைப் பார்ப்போம். இனாம் விளையாட்டுக்கு முக்கியமாய் இரண்டு வரும்படி. ஒன்று விளம்பரம். ஒவ்வொரு செல்போனுக்கும் விளம்பரக்காரர்களுக்கென்றே ஒரு எண் உண்டு. விளையாட்டுக்குள் விளம்பரக் கம்பெனியின் நிரல் துண்டு ஒன்று ஒட்டுப் போடப்பட்டிருக்கும். குழந்தை விளையாட்டைத் திறந்தவுடன் அந்த எண்ணும், போன் இன்ன ரகம், ஏறக்குறைய இன்ன இடம் என்கின்ற விவரங்களும் வெளியே போகின்றன. கண் இமைக்கும் நேரத்துக்குள் ஏலம் நடந்து, விளம்பரம் வந்து நிற்கின்றது. மற்றொரு வரும்படி, விளையாட்டுக்குள்ளேயே நாணயம், உடுப்பு, பெட்டி முதலியவற்றை விற்பது. பெரும்பாலோர் ஒரு காசும் கொடுக்கமாட்டார்கள். சிலர் மாத்திரம் நிறுத்த முடியாமல் கொட்டிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு இத்தொழிலில் "திமிங்கிலம்" என்று பெயர். விளையாடுகிறவனை மனிதன் என்று நினைக்கிறவன் இந்தப் பெயரை வைப்பானா? உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி சூதாட்டமேயாகும் என்று பெல்ஜியம் தேசத்துச் சூதாட்டக் கமிஷன் 2018 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

குழந்தைகள் விஷயத்தில் நடந்ததைக் கேளுங்கள். "போர்ட்நைட்" என்னும் விளையாட்டை நடத்தும் எபிக் கம்பெனி மீது அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டிற்று. பெற்றோர் அனுமதி இல்லாமல் 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்தது. முன்பின் தெரியாதவர்களோடு குழந்தைகள் பேசும் வசதியை யாரும் கேளாமலே திறந்து வைத்திருந்தது. ஒரே பொத்தானில் பணம் போகும்படி தந்திரமாய் அமைத்தது என்பவை அக்குற்றச்சாட்டுகள். 2022 டிசம்பரில் அக்கம்பெனி 52 கோடி டாலர் கொடுத்து ராஜியாயிற்று. அதில் 27½ கோடி குழந்தைகள் விஷயத்துக்கு அபராதம்; 24½ கோடி வாடிக்கைக்காரருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. பேசும் வசதி இளம் வயதினருக்கு முதலில் மூடியே இருக்க வேண்டும், திறப்பதானால் அனுமதி பெற்றே திறக்க வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாப் பரிகாரமும் இருக்கின்றது. முதலில் மூடியிருக்க வேண்டியது கதவா, திறந்திருக்க வேண்டியது கதவா என்பதே கேள்வி.

"ஜனங்களுக்கு இதிலெல்லாம் கவலையே இல்லை" என்கிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கின்றது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனி தன் போன்களில் ஒரு மாறுதல் செய்தது. மற்றச் செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர இந்தச் செயலிக்கு அனுமதி கொடுக்கிறீர்களா, இல்லையா என்று சின்னஞ்சிறு கேள்வியாய்க் கேட்க வேண்டும் என்று விதித்தது. 200 மணி நேரப் பத்திரமல்ல, இரண்டு பொத்தான். பெரும்பாலோர் "வேண்டாம்" என்றார்கள். இதனால் 2022-ம் வருஷத்தில் தங்களுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் வரும்படி குறையும் என்று பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனியே சொல்லிற்று. ஆப்பிள் ஒன்றும் தர்மசத்திரமல்ல. இவ்விதியை அமுல் நடத்திய விதத்துக்காக பிரான்சில் 2025 மார்ச்சில் 15 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்ட கம்பெனிதான். ஆனால் புரியும்படி கேட்டால் ஜனங்கள் புரிந்து பதில் சொல்லுகிறார்கள் என்பது நிரூபணமாயிற்று. இவ்வளவு நாளும் ஜனங்கள் சம்மதித்து வந்தார்கள் என்பது பொய். அவர்களைக் கேட்கவே இல்லை என்பதே மெய்.

விளையாட்டு உண்டாக்கும் சிறு தொழிலாளிகள் ஒரு ஆட்சேபணை சொல்லக்கூடும். "நாங்கள் பிழைக்க வேண்டாமா? விலை வைத்தால் யார் வாங்குகிறார்கள்? கடைக்காரக் கம்பெனியே நூற்றுக்கு 30 வரை கமிஷன் பிடிக்கின்றதே!" என்பார்கள். இதில் நியாயம் இருக்கின்றது. உழைத்தவனுக்குக் கூலி வேண்டியதுதான். இனாமாகவே வேண்டும் என்று கேட்கும் நம்மவர் பேரிலும் குற்றம் உண்டு. ஆனால் கூலி வாங்குவது வேறு, வேவு பார்ப்பது வேறு. எரிக் பரோன் என்னும் அமெரிக்கர் ஒருவராகவே நாலரை வருஷம் உழைத்து, விதைப்பது, அறுப்பது, மாடு வளர்ப்பது முதலியவை கொண்ட "ஸ்டார்ட்யூ வேலி" என்னும் விளையாட்டை 2016-ம் வருஷத்தில் வெளியிட்டார். ஒரு விலை வைத்தார். விளையாட்டுக்குள் கடை வைக்கவில்லை. 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கின்றன. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வராதுதான். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து ஆடும் பல்லாங்குழிக்கு ஆடுகிறவரின் விலாசம் எதற்கு வேண்டும்? ஆட்டத்துக்குத் தேவையில்லாத விவரத்தைச் சேகரிக்காமல் ஆட்டம் செய்ய முடியும் என்பதற்கு இது போதாதா?

நம் தேசத்திலும் சட்டம் வந்திருக்கின்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். 2023-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றும், குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாதென்றும் கூறுகின்றது. நல்லதுதான். ஆனால் அந்தப் பெற்றோரும் வாசியாமலே பொத்தானை அழுத்தினால் என்ன பலன்? குழந்தையின் கைநாட்டுக்குப் பதில் தகப்பனாரின் கைநாட்டு. ஆகவே சம்மதம் வாங்கினாயா என்று கம்பெனியைக் கேட்பது மட்டும் போதாது. எதற்காக எடுத்தாய், அது இல்லாமல் ஆட்டம் நடக்காதா என்றும் கேட்க வேண்டும். ஏன் என்று காட்ட வேண்டிய பாரம் எடுக்கிறவன் தலைமேல் இருக்க வேண்டுமேயொழிய, பறிகொடுத்தவன் தலைமேல் இருக்கக்கூடாது.

சட்டம் அந்த நிலைக்கு வருகின்ற வரையில் சும்மா இருக்க வேண்டியதுமில்லை. இன்று இரவே உங்கள் வீட்டுக் குழந்தையின் கையிலிருக்கும் போனை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு விளையாட்டுக்கும் மைக், காமிரா, இருப்பிடம், தொலைபேசி எண் பட்டியல் இவற்றுக்கு அனுமதி இருக்கின்றதா என்று பாருங்கள். பழம் வெட்டுகிற விளையாட்டுக்கு உங்கள் மைத்துனரின் தொலைபேசி எண் எதற்கு என்று குழந்தையையே கேளுங்கள். அது சிரிக்கும். பிறகு அந்த அனுமதியை அதன் கையாலேயே மூடச் சொல்லுங்கள். ஏன், எதற்கு என்று கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தும் பழக்கம் அங்கிருந்துதான் ஆரம்பமாக வேண்டும்.