கிண்ணத்தில் துடிக்கும் இதயம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

தோல் கிழிந்தால் வளரும். எலும்பு முறிந்தால் கூடும். இதயத் தசை அப்படியன்று. வளர்ந்த மனிதனின் இதயத்தில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு தசையணுக்களே புதிதாகத் தோன்றுகின்றன. ஆராய்ச்சிக்கென்று உயிரோடிருப்பவரின் இதயத்தை அறுத்தெடுக்கவும் இயலாது. பின் இதய நோயை ஆராய்வது எங்ஙனம்?

வழி திறந்தவர் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாக்கா. முதிர்ந்த உயிரணுவில் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால், அது எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்ல குருத்தணுவாகும், அதாவது ஸ்டெம் செல்லாகும் என்று 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் காட்டினார். 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று ஒருவரின் சிறிதளவு இரத்தமே போதும். அதிலிருந்து பெற்ற குருத்தணுக்களோடு உரிய வேதிப்பொருள்களை உரிய நாளில் சேர்த்தால், இரண்டொரு வாரங்களில் கண்ணாடிக் கிண்ணத்தில் இதயத் தசையணுக்கள் தாமாகவே துடிக்கின்றன! அவை கருவிலுள்ள குழந்தையின் இதயத்தைப் போல் முதிராதவையே. எனினும் இரத்தம் கொடுத்தவரின் மரபணுக்களே அவற்றிலும் இருப்பதால், நோயின் காரணத்தை ஆராயவும் மருந்தைச் சோதிக்கவும் உதவுகின்றன.

"இது பணக்கார நாடுகளின் வேலை, நமக்கெதற்கு?" என்பாருண்டு. நான் மறுக்கிறேன். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட குறை, இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உண்டென்று 2009இல் வெளியான ஆய்வு கூறியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் அதில் பங்கேற்றனர். இக்குறையுடைய எல்லோரும் நோயுறுவதில்லை. ஆனால் அவர்களுக்கு இதயம் செயலிழக்கும் அபாயம் மிகுதி என்று அவ்வாய்வு கூறியது. ஐரோப்பியர் இரத்தத்தில் வளர்த்த அணு இதைச் சொல்லுமா? நம் நோயை அறிய நம் இரத்தம் வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பெங்களூரிலும் குருத்தணு ஆய்வு மையங்கள் இருக்கின்றன. நாம் தயங்காமல் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஆனால் அறிந்து கொடுக்க வேண்டும். கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்பது விதி. செஞ்சியை அடுத்த எங்கள் வல்லத்தில், என் தந்தையார் கைநாட்டு வைப்பவர். அகராதித் தமிழில் அச்சிட்ட படிவம் அவருக்கு ஆங்கிலத்தைப் போன்றதே. "உங்கள் இரத்தத்தில் பிறந்த அணு உங்களுக்குப் பின்னும் பல்லாண்டு உறைநிலையில் உயிரோடிருக்கும்; உங்கள் பிள்ளைகளின் உடற்குறையையும் அது சொல்லக்கூடும்; இது ஆராய்ச்சியே, உங்களுக்கான சிகிச்சையன்று" என்று யாராவது எதிரில் அமர்ந்து சொல்ல வேண்டாவா?

கடைசிச் சொல் மிக முக்கியம். இரத்தம் தொடர்பான சில நோய்களுக்கன்றி, குருத்தணுவைச் சிகிச்சையாக அளிக்க 2017ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறைகள் இடந்தரவில்லை. ஏனையவை, இதய நோய் உட்பட, முறையாக ஒப்புதல் பெற்ற சோதனைகளிலேயே அனுமதிக்கப்படும். இதை அறியாதவர், போலி விளம்பரத்தை நம்பி, மணிலா விளையும் ஒரு காணியையும் அடகு வைப்பார்.

சொல்ல வேண்டியவர் யார்? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய நாம்தாம், நண்பர்களே! நம் துறை ஆசிரியப் பெருமக்கள் துணையோடு எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதுவோம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அவரவர் ஊரில் உரக்கப் படிப்போம்.