அழகான பிரேக் ஆயில் டப்பா எது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிற யாரிடமாவது வண்டியை விலைக்குக் கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவார். 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி. நின்றதாலேயே மவுசு கூடிவிட்டது. டேங்குக்குப் புது பெயின்ட், குட்டை ஹேண்டில்பார், முன்சக்கரத்துக்கு வேறு வண்டியின் டிஸ்க் என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, கடைசியில் பையன்கள் ஒரு இடத்தில் வந்து நிற்பார்கள். எந்த பிரேக் ஆயில் டப்பா மாட்டுவது?

இந்த வண்டிக்கு கம்பெனி கொடுத்தது டிரம் பிரேக். கேபிள் இழுத்தால் வேலை முடிந்தது, ஆயிலே கிடையாது. டிஸ்க்குக்கு மாறினால்தான் டப்பா வருகிறது. அதுவும் ஹேண்டில்பாரில், ஓட்டுபவர் கண்ணுக்கு நேராக. அதனால் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அதைச் சாவிக்கொத்து வாங்குகிற மாதிரி கலரை மட்டும் பார்த்து வாங்குவதுதான் தப்பு.

டப்பா என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். பிரேக் பேட் தேயத் தேய, காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். ஆக, டப்பாவில் அளவு குறைந்தால் பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. வண்டி தானாகவே எழுதிக்கொள்ளும் கணக்குப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தெரியாத கறுப்பு டப்பாவை மாட்டினால் கணக்கையே மூடி வைத்த மாதிரி. அலுமினியத்தில் கடைந்த டப்பாதான் வேண்டும் என்றால், அளவு பார்க்கக் கண்ணாடி வைத்ததாக வாங்க வேண்டும்.

கொள்ளளவும் முக்கியம். விரல் நுனி அளவு டப்பா அழகுதான். ஆனால் பேட் முழுக்கத் தேய்வதற்குள் அது காலியாகிவிடும். காலியானால் காற்று நுழையும். அப்புறம் லீவரை அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

அடுத்தது மூடி. கம்பெனி டப்பாவைத் திறந்தால் மூடிக்கு அடியில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் இருக்கும். ஆயில் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கும், வெளிக்காற்று ஆயிலைத் தொடாது. மலிவான அலங்கார டப்பாக்கள் சிலவற்றில் இந்த ரப்பரே கிடையாது.

"மழையே பெய்யாத கரிசக்காட்டில் ஈரம் எங்கிருந்து வரும்?" என்று கேட்கலாம். டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகைக் காற்று போதும். தர அளவின்படி புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155 டிகிரி. டாட் 3க்கு 205, 140. இங்கே மலைப்பாதை இல்லைதான். ஆனால் மதுரை-தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது திடீரென்று ஆட்டு மந்தை குறுக்கே வரும். புழுதி ஏறி இறுகிப்போன காலிப்பர், டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வந்து சூடேற்றும். ஆயில் கொதித்தால் குமிழி வரும், குமிழி வந்தால் பிரேக் பிடிக்காது.

மூன்றாவது, டப்பா நிற்கிற கோணம். குட்டை ஹேண்டில்பார் போட்டதும் மாஸ்டர் சிலிண்டரோடு ஒட்டிய டப்பா சாய்ந்துவிடும். துவாரம் ஆயிலுக்கு மேலே வந்தால் காற்றை இழுக்கும். அதற்குத்தான் டியூபில் தனியாக நிற்கிற டப்பா. ரேஸ் வண்டி மாதிரி தெரிவது கூடுதல் லாபம். ஆனால் அந்த டியூப் பிரேக் ஆயிலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். கடையில் கிடைத்த பெட்ரோல் டியூபைச் சொருகினால் நாளடைவில் ஊதிப்போகும், இல்லை விறைத்து வெடிக்கும்.

இன்னொரு வேடிக்கை. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். ஒழுகுகிற டப்பாவுக்கு நேர் கீழே இருப்பது, ஆசை ஆசையாகப் பெயின்ட் அடித்த டேங்க். அழகுக்காக வாங்கிய டப்பாவே அழகைக் கெடுத்துவிடும் :-) சிந்தினால் துடைப்பதைவிட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நல்லது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. டிஸ்க் மாட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிட வேண்டும்.

இத்தனையும் பார்த்தால், டிஸ்க்கோடு வந்த புது வண்டிகளில் இருக்கிற அந்தச் சாதாரண வெள்ளை டப்பாவே அழகாகத் தெரிய ஆரம்பிக்கும். உள்ளே ஆயிலின் நிறம் தெரிகிறது, மேல்கோடு கீழ்கோடு தெரிகிறது, மூடிக்குள் ரப்பர் இருக்கிறது. தங்க நிறத்தில் ஒன்று வேண்டும் என்று அடம்பிடிப்பவர், காசு கொடுக்கும் முன் கடையிலேயே மூடியைத் திருகிப் பார்க்கட்டும். உள்ளே ரப்பர் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.